படத்து நாற்காலி

துணிக்கடைச் சுவரில் வரைந்து வைத்த நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தவள் ஓவிய டீச்சரின் அக்கா. அன்று வியாபாரம் மந்தம், போர்வைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளுபடி. உட்கார்ந்தவள் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஒரு கால் குட்டைடி, ஆடுது" என்று தங்கையிடம் குறை வேறு சொன்னாள்.

விஷயம் பள்ளிக்கூடத்தில்தான் ஆரம்பித்தது. அம்மாவை வரையுங்கள் என்று டீச்சர் சொன்னதற்கு, கடைத்தெருத் துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண்களின் பிள்ளைகள் அத்தனை பேரும் அம்மாவை நிற்க வைத்தே வரைந்திருந்தார்கள். படத்தில் தலை சீவி விடும்போதும் நிற்கிறாள், சாப்பிடும்போதும் நிற்கிறாள். "ஏன், உங்கம்மா உக்காரவே மாட்டாங்களா?" என்று கேட்டதற்கு, "உக்காந்தா தூங்கிடுவாங்க டீச்சர்" என்றது ஒரு வாண்டு. டீச்சருக்குச் சுருக்கென்றது. அவளுடைய அக்காவும் அதே துணிக்கடையில் துணி விரித்துக் காட்டுகிறவள்தான். கால் கடுக்க நின்றே தங்கையை ஓவியம் படிக்க வைத்தவள். இப்போது நரம்பு சுருட்டிக்கொண்டு, சாயங்காலமானால் செருப்பு காலில் ஏறுவதில்லை. இனியும் நின்றால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையிலோ முதலாளி பலகை எழுதி மாட்டியிருந்தார்: 'வேலை நேரத்தில் பணிப்பெண்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது.' உட்கார்ந்தால் வேலை போகும், நின்றால் கால் போகும். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் நிற்க நேரமில்லை, இவர்களுக்கு உட்கார நேரமில்லை. என்ன நியாயமோ!

டீச்சர் முதலாளியிடம் பேசிப் பார்த்தாள். "நாற்காலி போட்டா எடத்தை அடைக்கும்மா. சுவர் சும்மாதானே கிடக்கு, உங்க கையால எதையாவது வரைஞ்சு குடுங்க" என்றார் அவர், ஓசியில் காரியம் முடிகிற சந்தோஷத்தில். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அம்மாக்கள் நிற்கிற இடத்துக்கெல்லாம் பின்னால் ஆளுக்கொரு நாற்காலி வரைய வைத்தாள் டீச்சர். அக்காவுடையதை அவளே வரைந்தாள். பார்க்கிறவர்களுக்கு உறைக்கட்டும் என்பதுதான் அவள் எண்ணம். யாராவது உட்காருவார்கள் என்று தெரிந்திருந்தால் நாற்காலியின் அந்தக் குட்டைக் காலை ஒழுங்காக வரைந்திருப்பாள், பாவம்.

அக்காவைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். துணி எடுக்க வந்தவர்கள் ஒரு நிமிடம் வாயைப் பிளந்துவிட்டு, பிறகு விலையைக் குறைக்கச் சொன்னார்கள். கொள்முதலுக்குப் போயிருந்த முதலாளி திரும்பி வந்து வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "படத்துல இருந்தாலும் நாற்காலி நாற்காலிதான்! நாளையிலிருந்து நாற்காலியில உக்காந்தவளுக்கு வேலை கிடையாது" என்று பலகையைத் தட்டிக் காட்டினார். கையோடு ஆள் பிடித்துச் சுவர் முழுக்க வெள்ளையடித்தும் விட்டார்.

மறுநாள் காலை டீச்சர் கடை வாசலுக்கே வந்துவிட்டாள். "என்னாலதான் உனக்கு இந்தக் கஷ்டம். இன்னைக்கு மட்டும் பல்லைக் கடிச்சிட்டு நின்னுடுக்கா" என்று அழுதாள். "அதான் இத்தனை வருஷமா நின்னு பாத்தாச்சே" என்று சொல்லிவிட்டு, அக்கா வெள்ளைச் சுவரை ஒட்டிப் போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். காற்று அவளைத் தாங்கியது. இலேசாக ஆடவும் செய்தது. முதலாளி ஓடி வந்து பலகையைக் காட்டினார்.

"எங்க முதலாளி நாற்காலி?" என்றாள் அக்கா.

அவர் குனிந்து, அவளுக்குக் கீழே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. பலகையை மாற்றி எழுதலாம் என்றால், அந்தத் தெருவில் எழுத்து அழகாக வருகிற ஆள் டீச்சர் ஒருத்திதான். "நிக்க நேரமில்லைங்க" என்று அவள் நடையைக் கட்டிவிட்டாள்.

அக்காவின் கால் வீக்கம் மெல்ல வற்றி, பழைய செருப்பே மறுபடி ஏறியது. பிற்பாடு மூட்டுவலி வந்த முதலாளிக்கும் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள், ஆடும் என்று முன்கூட்டியே சொல்லித்தான். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கும் அதைச் சொல்லி வைக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் இப்போது அம்மாவை வரையச் சொன்னால் பிள்ளைகள் உட்கார்ந்த அம்மாவையே வரைகிறார்கள். அடியில் நாற்காலி இருக்காது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்து, "உங்கம்மா எதுமேல உக்காந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"எதுமேலயும் இல்ல சார். கால் வலிச்சுது, உக்காந்துட்டாங்க."

அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.