எட்டு விளக்கு அதிகாரி

முப்பத்துநாலு வருஷ உத்தியோகத்தில் நான் ஒரு வேலையும் செய்ததில்லை. செய்ய வைத்தேன். என் மேசைக்கு வரும் காகிதத்தின் ஓரத்தில் பச்சை மையில் ஒரு சுழி சுழித்துத் தேதி போட்டால், மூன்றாவது மாடியில் யாராவது எழுந்து ஓடுவார்கள். எதற்கு ஓடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்காவது தெரிந்திருக்கும் என்று நம்பினேன். ஓய்வு பெற்ற அன்று கையில் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தில்கூடப் பழக்கதோஷத்தில் சுழி போட்டு, ‘மேல் நடவடிக்கைக்கு’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் அப்படி எழுந்து ஓட ஆள் இல்லை. இருப்பது மனைவி ஒருத்தி. அவளுக்கு நாள் முழுக்கத் தையல் மிஷின்தான். நான் சுழி போட்டு நீட்டிய மளிகைப் பட்டியலை வாங்கி, பின்பக்கம் யாரோ ஒரு பையனின் தோள் அளவைக் குறித்துக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. சீக்வென்சர். எட்டுச் சுரங்களை வரிசையாக, ஓயாமல் வாசிக்க வைக்கும் அனலாக் கருவி. நீங்களே உங்கள் கையால் செய்யலாம். படத்தில் எட்டுக் குமிழ், எட்டுச் சிவப்பு விளக்கு. கடையில் இந்த மாதிரிச் சாமான்கள் யானை விலை விற்கும். இதுவோ உதிரி பாகங்களாகப் பொட்டலம் கட்டி, ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலைக்கு. ஏன் இவ்வளவு மலிவு என்று ஒரு கணம் யோசித்தேன். உழைப்பு நம்முடையது, அதனால்தான் என்று மனசுக்குள் சுழி போட்டுவிட்டேன்.

வேலை செய்ய இடம் வேண்டுமே. வீட்டில் ஜன்னல் வெளிச்சம் ஒழுங்காக விழும் அறை ஒன்றே ஒன்று. அது மனைவியின் தையல் அறை. அவள் பள்ளிச் சீருடைச் சட்டைகள் தைப்பவள். காலரும் கையும் அவளுக்குச் சர்க்கரை. பொத்தான் மட்டும் வேப்பங்காய். பொத்தானுக்கு எட்டுக் குத்துக்குக் குறைந்தால் முதல் பீரியட் முடிவதற்குள் தெறித்துவிடும் என்பது அவள் கட்சி. எட்டு எட்டாகக் குத்தி அவள் கட்டைவிரல் காய்த்துப் போயிருந்தது.

ஒரு மாதம் மட்டும் அந்த அறையைக் கொடு என்று கேட்டேன். அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுப் பேசினாள். குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசினால் அது தீர்ப்பு.

“நாலாவது ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. என் தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் வருவாங்க. அவங்க முன்னாடி அது பாடணும். பாடினா அறை உங்களுக்கே. நான் மிஷினை ஃப்ரிஜ் பக்கத்துலயே போட்டுக்கறேன், வாயைத் திறக்க மாட்டேன்.”

“பாடலைன்னா?”

“அறையும் எனக்கு, நீங்களும் எனக்கு. பொத்தான் தைக்க ரொம்ப நாளா ஆள் தேடிட்டிருக்கேன்.”

காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் மேல் பெருந்தன்மையாகச் சுழி போட்டேன்.

அவளுடைய மிஷின் ஃப்ரிஜ்ஜுக்கும் துணி துவைக்கும் மிஷினுக்கும் நடுவே போனது. துவைக்கும் மிஷின் வேகமெடுத்துச் சுற்றும்போது அவள் தையல் பாம்பாக நெளிந்தது. பிரித்தாள், மறுபடி தைத்தாள்.

பொட்டலம் வந்தது. பிரித்தால், இருநூறு பூச்சிகளைக் காயவைத்து அனுப்பினாற்போல உதிரி பாகங்கள். கூடவே இருபத்துநாலு பக்கக் கையேடு. காகிதத்தைக் கண்டால் என் விரல் சும்மா இருக்காது. பக்கத்துக்கு ஒரு சுழி, ஒரு தேதி. இருபத்துநாலையும் ஆறே நிமிஷத்தில் முடித்தேன். ஒரு நூலை ஊன்றிப் படித்து முடித்த நிறைவு வந்தது. பிறகு படங்களை மட்டும் பார்த்து வேலையில் இறங்கினேன்.

சால்டரிங் என்பது, பழுக்கக் காய்ந்த கம்பி முனையில் ஈயத்தை உருக்கி ஒட்டவைக்கிற வித்தை. முதல் வாரம் ஈயம், பாகங்களைப் பொருத்த வேண்டிய தகட்டைத் தவிர எல்லா இடத்திலும் ஒட்டியது. எழுந்த புகையில் தெருவிலிருந்த கொசுக்கள் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தன. இருநூற்று எழுபது தடவை விரலைச் சுட்டுக்கொண்டேன். மனைவி மூன்று தடவை என்கிறாள். அவள் கால் அங்குலம்கூடத் தவறாதவள் என்பதால், யாரை நம்புவது என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

ரெசிஸ்டர் என்கிற துக்கடா சாமானில் வண்ண வண்ணக் கோடுகள் உண்டு. கோட்டின் நிறத்தை வைத்துத்தான் எது எங்கே என்று தெரியும். எனக்குப் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் ஒரே குடும்பம். அரை நாள் நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு மனைவி வந்தாள். நூல்கண்டுகளைப் பிரிக்கிற கையால் எல்லாவற்றையும் கால் மணி நேரத்தில் ஒன்பது குவியலாகப் பிரித்துப் போட்டாள்.

“பந்தயத்துல எனக்கே உதவறியே?”

“தோத்த பிறகு, நிறம் தெரியாமதான் தோத்தேன்னு சொல்வீங்க.”

நாலாவது ஞாயிறு வந்தது. மேசையில் கருவி, அதன் மேல் ஒரு துண்டு. மூன்றே முக்காலுக்கு மச்சினியும் சகலையும் வந்தார்கள். சகலை அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்து என்று ஒன்று இருந்தால் விடமாட்டார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், இருமல் மருந்தின் அடிப்பக்கம், எல்லாம் படிப்பார். குடும்பத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். உட்கார்ந்ததும் எதைப் படிக்கலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கையேடு அகப்பட்டது.

மணி நாலு. சின்னதாக ஓர் உரை நிகழ்த்தினேன். இருபது நிமிஷத்துக்கு மேல் போயிருக்காது. துண்டை விலக்கி, சுவிட்சைத் தட்டினேன்.

முதல் விளக்கு எரிந்தது. அணைந்தது. இரண்டாவது எரிந்தது. எட்டு வரைக்கும் ஓடி, மறுபடி ஒன்றிலிருந்து கிளம்பியது. வரிசை பிசகவில்லை, ஒன்றுகூடப் பழுதில்லை. என் கண் கலங்கிவிட்டது.

சத்தம் மட்டும் வரவில்லை.

ஒரு குமிழைத் திருகினேன். எட்டையும் திருகினேன். மச்சினி கருவிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். “ரொம்பக் கூச்ச சுபாவமோ அத்தான்?” என்று கேட்டாள். சூடேற வேண்டும், நல்ல கருவிகள் எல்லாம் அப்படித்தான் என்றேன். எனக்குத்தான் சூடேறியது. ஃப்ரிஜ் ஒன்றுதான் அந்த வீட்டில் அப்போது கொஞ்சமாவது பாடிக்கொண்டிருந்தது.

சகலை தொண்டையைச் செருமினார். “அண்ணே, மூணாம் பக்கம் பார்த்தீங்களா?”

“எல்லாப் பக்கமும் பார்த்தாச்சு.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாகப் படித்தார். இந்தக் கருவி தானாக ஒலி எழுப்பாது. எந்தச் சுரம், எப்போது என்று மின்சாரத்தால் உத்தரவு மட்டும் கொடுக்கும். உத்தரவை ஏற்று ஒலி எழுப்பும் பெட்டியை இதன் பின்புறம் இணைக்க வேண்டும். அது தனியாக விற்கப்படும்.

“கட்டம் கட்டி, தடித்த எழுத்துல போட்டிருக்கான். எழுத்துப்பிழை இல்ல. கீழே பச்சை மையில யாரோ பார்த்ததா சுழி வேற போட்டிருக்காங்க.”

மனைவி கையேட்டை வாங்கினாள். சுழியைப் பார்த்தாள். ஓடுகிற விளக்குகளைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

“அப்ப இது எந்த வேலையும் செய்யாது. யாரையாவது செய்யச் சொல்லிட்டு, மினுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.”

“ஒரு விதத்தில…”

“உங்களைத்தாங்க பொட்டலம் கட்டி அனுப்பியிருக்காங்க.”

மச்சினி சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று மாடியேறி வந்துவிட்டார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் செய்த முதல் பொருள். பார்த்தால் அப்பாவை உரித்து வைத்திருந்தது.

அன்றைக்கே தையல் மிஷின் ஜன்னலோரம் திரும்பியது. கருவியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. திங்கட்கிழமை காலை அதை என் கண்ணுக்கு நேராக அலமாரியில் வைத்து, வேகக் குமிழைக் குறைத்துவிட்டு, நாற்பது சட்டைகளை என் மடியில் இறக்கினாள். விளக்குக்கு ஒரு குத்து. எட்டு விளக்கு ஓடி முடிந்தால் ஒரு பொத்தான். அலுவலகத்தில் என்னிடம் இருந்தவர்களுக்காவது நான் கண்ணயரும் நேரம் ஓய்வு உண்டு. இந்த அதிகாரி கண்ணயருவதில்லை. நான் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தென்பட்டால், மனைவி எட்டி வேகத்தைக் கூட்டிவிடுகிறாள்.

மூன்றாம் நாள் ஒரு விஷயம் நடந்தது. மிஷினை மிதித்துக்கொண்டே, ஓடும் விளக்குகளைப் பார்த்தபடி, அவள் தன்னை அறியாமல் முணுமுணுத்தாள். விளக்குக்கு ஒரு சுரம். எட்டு முடிந்ததும் மறுபடி முதல் சுரம். பிசகவே இல்லை. என் கருவிக்கு உத்தரவை ஏற்க ஓர் ஆள் கிடைத்துவிட்டது. இரண்டு சுற்று கேட்டேன். மூன்றாவது சுற்றில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“பாடுது பார்த்தியா? பாடினா அறை எனக்குன்னு சொன்னியே?”

மிஷின் நின்றது, பாட்டும் நின்றது. அவள் நான்கு குண்டூசிகளை எடுத்து நிதானமாக உதட்டில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அறையில் அவள் பாடுவதில்லை. நான் கடைக்குப் போகும்போது மட்டும் ஜோராகப் பாடுகிறாள் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்கிறார். கதவுக்கு வெளியே ஒளிந்து நின்று கேட்கலாம்தான். ஆனால் நான் கடைக்குப் போய்த் திரும்ப எத்தனை பொத்தான் நேரம் ஆகும் என்பதும் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும்.