தாளடிக்குத் தீ வைத்த நேரம்

1
அன்று எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள்: நான், மகன் லக்வீர், மருமகள் நவ்ரீத், என் பங்காளி பச்சித்தர் சிங், அவன் மகள் ரமணீக். வேறு யாராவது ‘நானும் இருந்தேன்’ என்றால் நம்ப வேண்டாம்.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ரமணீக் லூதியானாவில் செயற்கைக்கோள் படங்களையும் ஆஸ்பத்திரிக் கணக்கையும் பார்த்து, அறுப்பு முடிந்த எந்த வயலில் தாளடிக்குத் தீ, எந்தத் தெருவில் மூச்சுத்திணறல் என்று பொருத்திப் பார்க்கிறாள். அவள் தொலைக்காட்சியில் வருகிறாள். என் மகன் டிராக்டரில் வருகிறான்.

2
முதல் தொடக்கம்: ‘கர்வம் பிடித்த ஒரு பெண், வானத்திலிருந்து சொந்த ஊரையே வேவு பார்த்து...’

(அடித்துவிட்டேன். வந்ததும் குனிந்து என் காலைத் தொட்டாள். கதைக்கு இது இடைஞ்சல்.)

இரண்டாவது: ‘தகப்பனை மதிக்காத...’

(தகப்பன் பக்கத்திலேயே பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தான்.)

3
“பெரியப்பா, உங்க தெருவுலதான் மூச்சுத்திணறல் ஜாஸ்தி. ஆனா உங்க வயல் பக்கம் ஒரு தீயும் படத்துல இல்ல. புகையே காரணமில்லன்னு முடிவு பண்ணிடுவாங்க. தீ வெச்ச நேரத்த மட்டும் சொல்லுங்க.”

“தீயே இல்லன்னு உன் செயற்கைக்கோளே சொல்லுதே. அப்புறம் என்ன?” என்றான் லக்வீர்.

“அது மத்தியானம் எட்டிப் பாத்துட்டுப் போயிடும் அண்ணா. அது போனப்புறம் பத்த வெக்கிறதுதானே இப்ப இங்க வழக்கம்?”

பச்சித்தர் மீசையைத் தடவினான். “எம்மவகிட்ட எதையும் மறைக்க முடியாது அண்ணே. மேலேர்ந்து பாக்கறவ.”

“அப்படியா? உன் வீட்டுக் கூரை ஒழுகறத மொதல்ல பாக்கச் சொல்லு” என்றேன்.

நவ்ரீத் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, மூச்சு கிடைக்காமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.*

* ரமணீக்கின் நோயாளிகள் கணக்கில் நவ்ரீத்தும் உண்டு. அதை அவள் சபையில் சொல்லவில்லை. அந்த நாகரிகத்தைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

4
ஒரு முடிவு: பெரியவர் மனமிரங்கி...

(எங்கள் குடும்பத்தில் பங்காளி முன்னால் யாரும் மனமிரங்கியதில்லை.)

இன்னொன்று: மருமகள் நிமிர்ந்து நின்று உண்மையை...

(அவளால் நிற்க முடியவில்லை.)

மூன்றாவதை வாசகர் எழுதிக்கொள்ளட்டும். நான் ஒரு வதந்தியை மட்டும் திருத்துகிறேன். ரமணீக் பொறாமையால் படத்தில் எங்கள் வயலில் தீயைக் காட்டும் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டாள் என்று ஊரில் பேச்சு. தவறு. படத்தில் எங்கள் வயல் சுத்தமாக இருக்கிறது. சிவப்புப் புள்ளி அவள் அப்பன் வயலில். அவள் அதை மறைக்கவில்லை. எங்கள் தாளடிக்குத் தீ வைத்தது சாயங்காலம் நாலு மணிக்கு.