வரிசை வாங்காத வரி

ஆல்பர்ட் வாத்தியாரின் வீட்டு வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை ஒன்று தொங்குகிறது. அதில் 'முனைவர்' என்ற சொல்லின் மேல் மட்டும் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். பட்டம் கைக்கு வந்ததும் கிழித்துக்கொள்ளலாம் என்று மனைவி ஜெனிபர் செய்த ஏற்பாடு. நாமக்கல் கடையில் பலகை செய்து வாங்கி நான்கு வருடம் ஆகிறது. மழையில் ஊறியதால் டேப்பை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அந்த டேப்பைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்.

வாத்தியாருக்குக் கொல்லிமலை மேலே ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. 'மலை உழவர் பாடல்களில் இறைமை' என்ற தலைப்பில் ஏழு வருடமாக முனைவர் பட்ட ஆய்வு. இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். ஒப்படைக்க வேண்டுமானால் நெறியாளர் கையெழுத்து வேண்டும். நெறியாளர் பேராசிரியர் அர்த்தனாரி, ஆய்வேட்டின் முக்கியமான பாட்டை மலைக்கே வந்து ஒருமுறை காதால் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நில்லாமல் வருகிற நாளையும் குறித்துவிட்டார்.

அதில்தான் சிக்கல். அந்தப் பாட்டின் கடைசி நான்கு வரியை எழுதியவர் வாத்தியாரேதான்.

பாட்டு கண்ணாயியுடையது. அதே மலையில் வாழவந்தி நாட்டில் சாமைக் காட்டுக்காரி. களையெடுக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முன்னே நகர, நடுவில் இருக்கும் கண்ணாயி கறுப்பன் சாமியைப் பாட்டிலேயே வம்புக்கு இழுப்பாள்.

"மழையக் கேட்டேன், பனியக் குடுத்தே,
மரவள்ளி வெச்சேன், பன்னிய வுட்டே,
பஸ்ஸக் கேட்டேன், பள்ளம் குடுத்தே,
பாத்துக்கிட்டிருக்கியா கறுப்பா?"

ஒவ்வொரு வரிக்கும் வரிசை முழுவதும் "ஆமாஞ்சாமி ஆமா" என்று பின்பாட்டாக வாங்கும். வாங்குவது சும்மா தாளத்துக்கு இல்லை. வரி மெய்யாக இருந்தால்தான் வாங்குவார்கள். பொய்யாகவோ கதைக்காகவோ ஒரு வரி விழுந்தால் ஒரு வாய் திறக்காது, களைக்கொத்துச் சத்தம் மட்டும் கேட்கும். பாடியவள் அந்த வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வரி பிடிக்க வேண்டும். இதைவிடக் கறாரான விமரிசகர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை என்று வாத்தியாரே ஆய்வேட்டில் எழுதியிருந்தார். எழுதியதை அவர் நம்பியிருந்தால் இந்த வினையே வந்திருக்காது.

அவருக்கு இருந்த குறை ஒன்றுதான். பாட்டுக்கு முடிவே இல்லை.

"வரப்பு வந்துருச்சுன்னா பாட்டு முடிஞ்சுதுங்க. அதுக்கு மேல யாருக்குப் பாடறது, தண்ணி குடிக்க வேண்டாமா?" என்றாள் கண்ணாயி.

"அந்தப் பள்ளம்கறது மனசோட வெறுமைதானுங்களே?"

"இல்லீங்க சார். நம்மூருக்குத் திரும்பற எடத்துல இருக்குது. போறப்ப பாத்துப் போங்க, போன வாரம் பொன்னம்மா அதுலதான் வுழுந்தா."

பக்திப் பாட்டென்றால் கடைசியில் சரணாகதி இருக்க வேண்டும் என்பது வாத்தியார் படித்த படிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவர், காணாமல்போன ஆட்டைப் பற்றிச் சாமியார் செய்த பிரசங்கம் காதில் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிட்டார்.

"காணாமப் போன ஆட்டுக் குட்டியக்
காடு மலையெல்லாம் தேடி வந்து
தோளுல சுமந்து பட்டியில சேத்தே,
தொணையிரு எனக்குக் கறுப்பா."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கண்ணாயி பெயரிலேயே ஏற்றிவிட்டார். அதைப் படித்த பேராசிரியரோ தஞ்சாவூர்க் கருத்தரங்கில் அந்த நான்கு வரியைச் சொல்லி மேடையிலேயே அழுதார். அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து வாத்தியாருக்குச் சரியாகத் தூக்கமில்லை.

பேராசிரியர் வருவதற்கு முதல் நாள் கண்ணாயியிடம் உண்மையைச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டார். அவள் நான்கு வரியையும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

"பாடிப்புடறனுங்க. நீங்க எம்பையனப் பத்தாவது பாஸ் பண்ண வெச்சவரு. ஆனா வாங்கறது வரிசையோட பாடு. அவியகிட்ட நான் சிபாரிசு பண்ண முடியாது."

மறுநாள் பேராசிரியர் அர்த்தனாரி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பதாவதிலேயே காலை இட்லியைப் பறிகொடுத்துவிட்டு, வெளுத்த முகத்தோடு காட்டு வரப்பில் வந்து நின்றார். வரிசையில் ஒன்பது பெண்கள். கண்ணாயி தொடங்கினாள். மழை, பன்னி, பஸ், பள்ளம் எல்லாவற்றுக்கும் "ஆமாஞ்சாமி ஆமா" காட்டைத் தூக்கியது. பள்ளத்துக்குப் பொன்னம்மாள் மட்டும் கூடுதலாக ஒருமுறை வாங்கினாள்.

"பஸ் இடைச்செருகல்" என்று பேராசிரியர் வாத்தியார் காதில் ரகசியமாகச் சொன்னார். "பிற்காலத்தில் யாரோ நுழைத்தது. தள்ளிவிடலாம். நம் மூலப் பகுதி வரட்டும்."

மூலப் பகுதி வந்தது. குரலில் ஒரு பிசிறும் இல்லாமல் கண்ணாயி குட்டியைத் தேடிப் போனாள், தோளில் சுமந்தாள், பட்டியில் சேர்த்தாள். வரிசையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஒன்பது களைக்கொத்துகள் மண்ணைக் கொத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

வரியைத் தூக்கிப் போட வேண்டியவள், வாத்தியாருக்காக இன்னொரு முறை பாடினாள். மறுபடியும் கொத்துச் சத்தம்தான். ஒரே வரியை இரண்டு தடவை வரிசை மறுப்பது அந்தப் பக்கத்தில் பெரிய அவமானம். இருபது வருடப் பாட்டில் அவளுக்கு அது நடந்ததே இல்லை. கழுத்து வரைக்கும் கறுத்துப்போனாள்.

"ஏன் கண்ணாயி," என்றாள் பொன்னம்மாள், தலையை நிமிர்த்தாமல். "கறுப்பன் குட்டியத் தேடிப் போவான், அது நெசம். ஆனா தூக்கியாந்து பட்டியில வுடுவானாக்கும்? வருசா வருசம் நாம கெடா வெட்டறது யாருக்கு?"

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆடு தின்னும் சாமியை ஆடு மேய்க்க விட்டிருக்கிறார். ஏழு வருட ஆய்வில் இது ஒரு நாளும் அவர் மண்டையில் ஏறவில்லை.

பேராசிரியர் சிரிக்கவில்லை. பரிதாபமாகத் தலையை ஆட்டினார்.

"பார்த்தீர்களா ஆல்பர்ட், சொந்தப் பாட்டே மறந்துபோயிற்று இவர்களுக்கு. அந்த அம்மாளுக்கு ஏதோ நினைவிருக்கிறது, பாவம், உளறிக் கொட்டுகிறார். மற்றதுகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. 'மரபு அற்றுப்போனது' என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டுவிடுங்கள். குட்டிதான் மூலம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்."

பேனாவின் மூடியைக் கழற்றினார். ஆய்வேட்டின் முதல் பக்கம் திறந்திருந்தது. வாத்தியார் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், ஜெனிபர் சாயங்காலமே டேப்பைக் கிழித்துவிடலாம்.

கண்ணாயி அவரைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. உளறுகிறவள் என்ற பேச்சை வாங்கிக்கொண்டு சும்மா பார்த்தாள். அதைத் தாங்க வாத்தியாரால் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஐயா, அவங்க ஒண்ணும் மறக்கலீங்க. அந்த நாலு வரியும் நான் எழுதுனது."

பேராசிரியரின் பேனா காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது.

"தஞ்சாவூரில் நான் அதற்கு அழுதேனய்யா."

"தெரியுங்க ஐயா. வீடியோ பாத்தேன்."

பேராசிரியர் மூடியைத் திருகிப் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வரப்பு மேலேயே நடந்தார். பள்ளத்தைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. அதற்குள் அவர் தூரம் போயிருந்தார். ஏழு வருடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டு நடுவில் நின்றார்.

அப்போது பொன்னம்மாள், கொத்துவதை நிறுத்தாமலே, "ஆமாஞ்சாமி ஆமா" என்று இழுத்தாள்.

பக்கத்திலிருந்தவள் வாங்கினாள். அதற்கடுத்தவளும் வாங்கினாள். எட்டுக் குரலும் சேர்ந்து வாத்தியார் சொன்னதை வாங்கின.

கண்ணாயி மட்டும் வாங்கவில்லை. களைக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ம், அடுத்த வரியச் சொல்லுங்க சார். வரப்புக்கு இன்னும் தூரங் கெடக்குது."