ஹெலன் சொன்ன ‘மஸ்ட்’

இரத்தோட்டைக்கு மேலே மலைப்பாதையில் நுஹ்மான் நானா ஒரு சின்ன ஹோட்டல் நடத்துகிறார். அங்கே வரவேற்பு மேசை நப்லாவின் பொறுப்பு. வெளிநாட்டுக்காரர்களோடு நானா பேச வேண்டியதையெல்லாம் அவள்தான் பேசுவாள். ஆங்கிலம் பேச அவளுக்குக் கூச்சமில்லை.

அன்று காலைச் சாப்பாடு முடிந்ததும் கிரஹாம் என்ற வயதான ஆங்கிலேயர் தனியாக நடக்கப் போனார். அவருடைய மனைவி ஹெலனுக்கு வயிறு சரியில்லை. அறையிலேயே படுத்துக்கொண்டார். பகல் சாப்பாட்டுக்குக் கிரஹாம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மலையில் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியதும் நானாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அந்த அம்மாகிட்ட கேட்டுப் பாரு நப்லா. ஒண்ணும் தெரியாட்டி இன்ஷாபை ஜீப்போட அனுப்புவோம்."

நப்லா போய்க் கேட்டாள். ஹெலன் சிரித்தபடி, "ஹி மஸ்ட் ஹேவ் டேக்கன் த பஸ் டு மாத்தளை" என்றார்.

"பஸ்ல மாத்தளைக்குப் போயிட்டாராம் நானா" என்று நப்லா வந்து சொன்னாள். நானாவுக்கு மூச்சு வந்தது. ஜீப் சாவியோடு நின்ற டிரைவர் இன்ஷாப் தேத்தண்ணி குடிக்கப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து நப்லா ஹெலனுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். கதவு திறந்ததுமே ஹெலன், "அவரைப் பற்றி ஏதாவது தெரிய வந்ததா?" என்று கேட்டார்.

நப்லா கஞ்சியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். "பஸ்ஸில் போனதாகச் சொன்னீர்களே. அவர் போன் பண்ணவில்லையா?"

"இல்லையே. மாத்தளைக் கடைத்தெருவைப் பார்க்க ஆசைப்பட்டார். அதனால்தான் அப்படி இருக்கும் என்று சொன்னேன்."

மஸ்ட் என்றால் கட்டாயம் என்றுதான் நப்லா பள்ளியில் படித்திருந்தாள். கட்டாயம் என்றால் நிச்சயம் என்று எடுத்துக்கொண்டாள். இப்போதுதான் விளங்கியது. ‘இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கணும்’ என்று நாமும் சொல்கிறோம். போனதைப் பார்த்தா சொல்கிறோம்? அந்த அம்மா நினைத்ததை இவள் நடந்ததாகச் சொல்லிவிட்டாள்.

"காலையில் எங்கே போவதாகச் சொன்னார்?" என்று கேட்டாள்.

ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள ஓடைக்கு ‘மைட் கோ’ என்றாராம். நப்லா கஞ்சியை வைத்துவிட்டு ஓடினாள்.

"நானா, நான் பிழையாச் சொல்லிட்டேன். பஸ்ஸில போனது அவங்க நினைப்புத்தான். ஓடைப்பக்கம் போனாலும் போவேன்னு சொன்னாராம்."

"போனாலும்னா? போனாரா, இல்லையா?"

"அது அவங்களுக்கும் தெரியாது."

நானாவின் முகம் கடுத்தது. ஆனால் திட்டிக்கொண்டு நிற்க நேரமில்லை. "ஏறு, நீயும் வா. பேச ஆள் வேணும்" என்றார்.

தோட்டத்து ஓரத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு மூவரும் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினார்கள். ஓடையின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இன்ஷாப்தான் முதலில் கண்டான். கிரஹாம் ஒரு பாறையில் சாய்ந்து, நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். வழுக்கி விழுந்ததில் கணுக்கால் வீங்கியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போயிருந்தது. நானாவும் இன்ஷாபும் அவரைத் தூக்கி வந்தார்கள். வழியில் ஹெலனையும் ஏற்றிக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

எலும்பில் கீறல் விழுந்திருந்தது. உள்ளே கட்டுப் போடும்போது நப்லா வெளியே மர வாங்கில் ஹெலனோடு உட்கார்ந்திருந்தாள். தான் பிழையாக விளங்கிக்கொண்டதையும், அதனால் ஜீப் போகாமல் நின்றதையும் மறைக்காமல் சொன்னாள்.



"உன் பிழை மட்டும் இல்லை" என்றார் ஹெலன். "எனக்குப் பயமாக இருந்தது. பஸ்ஸில்தான் போயிருப்பார் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். அதைத்தான் நீ கேட்டாய்."

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. நப்லா தன் தலையில் போட்டிருந்த ஷோலின் நுனியைக் கொடுத்தாள். ஹெலன் தயங்காமல் அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.