சட்டைப்பையில் இல்லாத சாவி

படகின் என்ஜின் சாவி தண்ணீருக்குள் ஒருமுறை மின்னி மறைந்தபோது ஜவுளிக்கடைக்காரரின் இரண்டு கையிலும் வலை இருந்தது. வலைக்குள், மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அப்பா பிடித்த முதல் பிரீம் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அதை அள்ளக் குனிந்ததில்தான் சாவி சட்டைப்பையிலிருந்து நழுவியது.

"நான் பிடிச்சதுங்க! பாத்தீங்களா?" என்று மனுஷன் துள்ளினார்.

"கைராசி சார் உங்களுக்கு," என்றார் கடைக்காரர். குரலில் ஒரு பிசிறு இல்லை. கறை பட்ட பக்கத்தை உள்ளே மடித்து நாற்பது வருஷம் சேலை விற்ற வாய் அது.

எதிரே வேறு யாராக இருந்தாலும் கடைக்காரர் அந்த நொடியே தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் பெண்ணின் அப்பா கடைகடையாகத் தராசையும் அளவுகோலையும் சோதித்து ஓய்வுபெற்ற அதிகாரி. மாப்பிள்ளைக்கு வேலை போனதை மறைத்தார்கள் என்று முன்பு பேசி முடித்த ஒரு சம்பந்தத்தையே முறித்தவர். "பையன் தங்கம். குடும்பம் எதையும் ஒளிக்காம இருந்தாப் போதும்," என்று காலையில் படகில் ஏறும்போதுதான் சொல்லியிருந்தார். மகனோ இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று மூன்று மாதமாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். சரி, இன்னும் ஒரு மீன் பிடிக்கட்டும், சந்தோஷத்தில் இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று கடைக்காரர் தள்ளிப்போட்டார். ஒரு மீன் நாலு மீன் ஆயிற்று. பொய்க்கு வயது இரண்டு மணி நேரம்.

மூன்று சின்னத் தீவுகள் சுற்றி நின்று காற்றை மறித்ததால் உள்ளே தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. பாறை நிழலோரம், தூண்டில் முள்ளில் இரையாக மாட்டிய பிளாஸ்டிக் வெட்டுக்கிளியை வீச வேண்டும். விழுந்த வட்டங்கள் அடங்கும்வரை மூச்சுவிடக் கூடாது. பிறகு லேசாக ஒரு சுண்டு. தண்ணீர் வெடித்தாலும் பதறி இழுக்கக் கூடாது. மீன் கவ்வி, கனம் கையில் தெரிந்த பிறகே இழுக்கலாம். அதிகாரிக்கு அது சட்டென்று வசப்பட்டுவிட்டது. கடைக்காரருக்குத்தான் வெட்டுக்கிளி எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. கண் முழுக்கத் தீவுகளுக்கு நடுவிலிருந்த திறப்பில். அங்கே கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்தது. மதியம் திசை மாறிய காற்று படகை அங்கேதான் நகர்த்திக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு படகும் இல்லை.

அவர் ஒற்றைத் துடுப்பைச் சத்தமில்லாமல் இறக்கினார்.

"என்ன, கையால தள்றீங்க?"

"என்ஜின் சத்தம் கேட்டா மீன் ஓடிடும் சார்."

"அடேயப்பா! வியாபாரத்துலயும் இவ்வளவு நுணுக்கமா?" அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். உள்ளங்கை வேர்த்துத் துடுப்பு வழுக்கியது. பத்து தள்ளு தள்ளினால் காற்று வட்டியோடு பன்னிரண்டாகத் திருப்பித் தள்ளியது.

படகு முதன்முறையாக ஆடியது. அதிகாரி நிமிர்ந்து வெளிக்கடலைப் பார்த்தார், துடுப்பைப் பார்த்தார், கடைக்காரரின் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். தராசு முள்ளை அப்படித்தான் பார்த்திருப்பார் போலும். பிறகு நூலைச் சுற்றத் தொடங்கினார்.

"மனசு நிறைஞ்சுபோச்சு. வண்டியக் கிளப்புங்க, சம்பந்தி."

இந்த ஒரு சொல்லுக்காகத்தானே மூன்று மாத அலைச்சல்! கடைக்காரரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. வாய் திறந்தது. படகோரம் சாய்த்திருந்த அவருடைய தூண்டிலின் வெட்டுக்கிளி, தீவின் நிழல் முடியும் கோட்டைத் தாண்டி முதல் அலையில் ஏறி இறங்கியது. அதனடியில் வெள்ளையாக ஏதோ புரண்டது. தண்ணீர் வெடித்தது. இருவரின் கண்ணும் அந்த வெறும் சட்டைப்பையில்; தூண்டிலை இருவருமே இழுக்கவில்லை.