இரண்டாவது கிட்டார்

"இது ஒருத்தர் வாசிக்கிறது இல்லைங்க. ரெண்டு பேர்."

கிட்டார் பழுது பார்ப்பவர் தலை நிமிராமல் சொன்னார். அவளுடைய கிட்டாரை மேசைமேல் கிடத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. மனதில் விழத்தான் நேரமாயிற்று.

"எதுங்க?"

"இப்ப வாசிச்சுக் காட்டினீங்களே, அந்தப் பழைய ப்ளூஸ் பாட்டு. அதுல ரெண்டு கிட்டார்."

"இல்லைங்க. ஒருத்தர்தான்" என்றாள். தன் குரலே வேறு யாருடையதோ போலிருந்தது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். சட்டத்துக்குள் லென்ஸ் பொருந்தி உட்காரும்வரை அதன் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போகிற வேலை. நாள் முழுக்க வாயைத் திறக்கத் தேவையில்லை என்பதாலேயே அது பிடித்திருந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோகப் பாட்டான ப்ளூஸ் பிடித்ததற்கும் காரணம் ஏறக்குறைய அதுதான். ஒரு மாலை பஸ்ஸில் வரும்போது கைபேசியில் தற்செயலாக அந்தப் பாட்டு வந்தது. இரைச்சலுக்கு அடியில் ஒரு மனிதன், ஒரு கிட்டார். கட்டைவிரல் கீழ்ச்சுருதிக் கம்பிகளில் நடை போட, மேல்சுருதிக் கம்பி அழுதுகொண்டிருந்தது. யாருடைய துணையும் வேண்டாத மனிதன் என்று அவளுக்குத் தோன்றியது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனது தெரியவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர்தான் இசைக்கருவிக் கடைக்கு அழைத்துப்போனார். அங்கிருந்ததிலேயே மலிவான ஒட்டுப்பலகைக் கிட்டார், ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார். "ஒண்ணு ரிப்பேர்ல இருந்தா இன்னொண்ணு ஓடணும்ல, எங்க தொழில் தர்மம்" என்றார். விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்க ஒரு குழாய் வேண்டியிருந்தது. அவருடைய கருவிப்பெட்டியிலிருந்த ஸ்பானர் சாக்கெட் ஒன்று அவள் சுண்டுவிரலுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அவர் மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலால் கீழ்க்கம்பிகளை மட்டும் தட்டப் பழகினார். கடிகாரம் தோற்றுப்போகும், அவ்வளவு சீராகத் தட்டுவார்.

அப்போதுதான் ஒருநாள், "எனக்கு இதுல ரெண்டு பேர் கேக்குதும்மா" என்றார்.

"மோட்டார் ரூம்லயே கெடந்து உங்களுக்கு எல்லாமே ரெண்டாத்தான் கேக்கும். இது தனியா வாசிக்கிறதுங்க. கூட ஒரு ஆள் உக்காந்தா கெட்டுப்போயிடும்."

அவர் சிரித்தார். "சரிங்க மேடம். இந்த லிஃப்ட்ல ஒரு ஆளுக்குத்தான் எடம்."

எழுந்து போனவர், பிறகு தன் கிட்டாரைத் தொடவில்லை. கூட வேலை செய்கிறவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அவள் கிட்டாரை எடுத்தால் அவர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தக் கதவு மெல்ல மெல்ல மற்ற நேரங்களிலும் மூடிக்கொண்டது. சாப்பிட்டியா, கேட்டைப் பூட்டியாச்சா, இவ்வளவுதான் பேச்சு என்றாகிவிட்டது. அது அவளை அரித்தது. பாட்டு முழுதாகக் கைக்கு வந்துவிட்டால் கதவைத் திறந்து அவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஆனால் ஓர் இடம் வரவே இல்லை. கீழ்க்கம்பியில் ஒரு விரல் கழுத்தின் ஆரம்பத்தில் அழுத்த வேண்டும், அதே நொடியில் மேல்கம்பியில் சாக்கெட் கழுத்தின் கோடிக்குப் போய்ச் சேர வேண்டும். கை எட்டவில்லை. மலிவுக் கிட்டார், கம்பிகள் உயரமாக நிற்கின்றன, அதனால்தான் என்று முடிவுகட்டி, கம்பியை இறக்கிக்கொடுங்கள் என்று கேட்க இன்று இங்கே வந்திருந்தாள்.

"இறக்க வேணாங்க. வழுக்கி வாசிக்க இந்த உயரம்தான் தோது. நல்ல கிட்டார் வெச்சிருக்கிறவங்க கம்பியத் தூக்கிக் குடுன்னு எங்கிட்ட வர்றாங்க" என்றார் பழுது பார்ப்பவர். பிறகு தன் பெரிய ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்டார்.

கைபேசியில் குழம்பிக் கிடந்தது இங்கே பிரிந்து நின்றது. ஒரு கிட்டார் சற்று எட்டத்தில், இன்னொன்று பாடுகிறவர் வாய்க்கு அருகில். அவளுக்கு வராத அந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒன்று தடுமாறி நின்றுபோக, மற்றது நிற்காமல் நடந்தது. யாரோ ஒருவர் சிரித்தார், பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை விடவில்லை. பாடுகிறவனே தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறான் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பழுது பார்ப்பவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "அப்ப ரெண்டு பேர் வாசிக்கிறதையும் நீங்க ஒரே ஆளா வாசிச்சிருக்கீங்க!"

அவள் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பாராட்டு அவளைத் தொடக்கூட இல்லை. சாலையைக் கடக்கும்போது ஒரு கார் கத்தியது. முதல் தடவை கேட்டபோதே கணவருக்குக் கேட்டிருக்கிறது. அவள்தான் அவர் காதைக் கேலி செய்து எழுப்பி அனுப்பினாள்.

வீட்டில் அவர் சாப்பாட்டு மேசைமேல் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"ரெண்டு பேராம்" என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"எது?"

"அந்தப் பாட்டு. நீங்க அன்னிக்கே சொன்னீங்க."

அவர் ஒரு திருகாணியை முழுவதுமாக முடுக்கி முடித்தார். "சொன்னேனா? இருக்கும். கம்பிய எறக்கிட்டாரா?"

அந்தப் பெருந்தன்மை அவளுக்கு அறைபோல் விழுந்தது. கைபேசியில் பாட்டைப் போட்டு மேசைமேல் வைத்தாள். "ரெண்டாவது ஆள் எங்கெங்க வர்றார்? காட்டுங்க."

அவர் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். கைபேசியின் அந்தக் கரகரப்பிலும் ஓர் இடம் பிசகவில்லை. விரல் பாட்டைத் தொடரவில்லை, அதற்கு ஒரு மயிரிழை முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"இங்க நீ மூச்சப் புடிச்சுக்குவ" என்றார் திடீரென்று.

"என்னது?"

"இந்த எடம் வந்தா மூச்சு நின்னுரும். அப்புறம் 'ச்ச'ன்னு ஒரு சத்தம். அப்புறம் மறுபடி மொதல்ல இருந்து."

"கதவு சாத்தியிருக்குமே."

"சாத்தியிருக்கும். அதுமேலதான் சாஞ்சு நிப்பேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை என்று எண்ணித்தான் அத்தனை மாலைகளும் வாசித்திருக்கிறாள். தனிமை என்று அவள் பொத்தி வைத்திருந்ததில் ஒரு நாள்கூட அவள் தனியாக இருந்ததில்லை. பாட்டு முடிந்தது.

அவள் உறையைத் திறந்து கிட்டாரை எடுத்தாள். பழக்கதோஷம், அவர் சமையலறைப் பக்கம் எழுந்தார்.

"உக்காருங்க."

"எங்கிட்டதான் கிட்டார் இல்லையேம்மா."

"பரவால்ல. உக்காருங்க."

அவர் தயங்கி உட்கார்ந்தார். இஸ்திரிப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, விரல்முட்டியால் மேசைமேல் தட்டத் தொடங்கினார். அதே சீர். அவள் சாக்கெட்டை மாட்டி மேல்கம்பியைத் தொட்டாள். ஆனால் கட்டைவிரல் கேட்கவில்லை. பழகிய பாதையில் தானாகவே கீழ்க்கம்பிக்கு ஓடி, அவர் தட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் முந்திக்கொண்டு விழுந்தது. நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் விழுந்தது.

"அது என்னோடதும்மா" என்றார் அவர், தட்டுவதை நிறுத்தாமல். "விடு."

அவள் கட்டைவிரலைக் கம்பியிலிருந்து பிரித்து எடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.