வழியில் இருக்கும் புத்தகங்கள்

கணினித் திரையில் நாற்பத்தொரு புத்தகங்களுக்கு நேராக ‘வழியில்’ என்றே இருந்தது. மூன்று வாரமாக அதே சொல். எல்லாம் மற்ற கிளைகள் கேட்டவை. ஏழாம் கிளையின் நூலகர் தன் கையாலேயே சீட்டு எழுதி ஒட்டி, பெட்டியில் அடுக்கி, செவ்வாய்தோறும் வரும் வேனில் ஏற்றிவிட்டவை. நான்காம் கிளைக்கு போன் செய்தால், “எங்களுக்கு எதுவும் வரலையே மேடம்” என்றார்கள்.

“பழைய புத்தகக் கடைக்குப் போயிருக்கும். வேற எங்க போகும்?” என்றார் நூலகரின் கணவர். அவளுக்கும் வேன் ஓட்டுநர் மேல்தான் சந்தேகம். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், சில வாரங்களாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு முகம் பார்க்காமல் போய்விடுகிறார்.

அந்தச் செவ்வாய் அவளும் வேனில் ஏறி உட்கார்ந்தாள். “மெயின் லைப்ரரில ஒரு வேலை. நானும் வரேன்ணே.”

சாவியைத் திருகாமல் அவர் தயங்கினார். “இன்னிக்கே போகணுமா?”

“ஏன், போகக் கூடாதா?”

நான்காம் கிளையின் வாசலில் வேன் வேகம்கூடக் குறையவில்லை. “பெட்டில நாலுன்னு எழுதியிருக்கேனே” என்றாள். அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வேன் நேராக மைய நூலகத்தின் பின்பக்கம் போய் நின்றது. கீழ்த்தள அறையில் அவள் கையெழுத்திட்ட பெட்டிகள் சுவரோரம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. விற்கவில்லை. ஒரு கணம் நிம்மதி. உடனே அவரை நினைத்துக் கூச்சம். பிறகுதான் பார்த்தாள், புத்தக முதுகுகளில் ஏழு என்ற எண்ணின் மேல் மைய நூலகத்தின் புதிய சீட்டு ஒட்டியிருந்தது.

“இங்கயே உட்கார்ந்து மத்த கிளை பேர்ல கேட்டிருக்காங்கம்மா” என்றார் ஓட்டுநர். “ஒரேயடியா எடுத்தா ஜனங்க சும்மா இருக்க மாட்டாங்கன்னு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாங்க.”

“நம்ம கிளைய எப்போ மூடறாங்க?”

“தெரியல. அடுத்த மாச வண்டி அட்டவணைல ஏழு இல்ல.”

தெரிந்துகொண்டே மூன்று வாரம் ஏற்றி வந்திருக்கிறார். இப்போது சொல்வதாவது முழு உண்மையா? அவர் முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை. குனிந்து மேல் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

“இத வண்டில ஏத்துங்கண்ணே.”

“கையெழுத்து கேப்பாங்க.”

“நான் போடறேன்.”

மாடிப்படியில் யாரோ இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. ஓட்டுநர் நிமிர்ந்து மேலே பார்த்தார். பிறகு, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.